ஆப் சொன்ன வழியில் போய் மாட்டிக்கொண்டால்: கோலாலம்பூர் ஓட்டுநருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

வழி தவறியதும் காரில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து திட்டுவது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைத்தான். ‘ஜிபிஎஸ் சரியில்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பாவம், அது பெரும்பாலும் குற்றமற்றது. கார் வீட்டு வாசலை விட்டு நகரும் முன்பே, முகவரியைத் தட்டும் நேரத்திலேயே முக்கால்வாசிக் கூத்து தொடங்கிவிடுகிறது. அதனால் இங்கே முகவரிக் கோளாறுகள் முதலில் வரும். செயற்கைக்கோளின் முறை அப்புறம்தான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பெட்ரோல் நிலையத்திலோ மாமாக் உணவுக் கடை வாசலிலோ வண்டியை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தால் 300 வெள்ளி சம்மன். இருக்கிற எரிச்சலில் அதுவும் சேர வேண்டாம். நிறுத்தியபின் திரையில் மூன்றைப் பாருங்கள். நீலப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறதா? சிவப்பு ஊசி போக வேண்டிய இடத்தில்தான் குத்தியிருக்கிறதா? இரண்டும் சரி என்றால், நடுவில் ஓடும் கோடு இன்றைக்குத் திறந்திருக்கும் சாலையில்தான் போகிறதா? இந்த மூன்றில் எது உதைக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கால் மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் காட்டுகிறது; அல்லது வழியே இல்லை என்கிறது

கோலாலம்பூரில் ஊர்ப் பெயர் கொண்ட சாலைகள் ஏராளம். ஜாலான் ஈப்போ, ஜாலான் பகாங், ஜாலான் கிள்ளான் லாமா. அவசரத்தில் ‘ஈப்போ’ என்று மட்டும் தட்டிவிட்டு, பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டால், செந்தூலுக்குப் போக வேண்டியவரைச் செயலி சந்தோஷமாகப் பேராக் மாநிலத்து ஈப்போ நகருக்கே அனுப்பும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெரிய மருத்துவமனைக்குப் போக ஜாலான் பகாங்கைத் தேடுபவர்கள் பகாங் மாநிலத்துக்குப் போகும் காராக் நெடுஞ்சாலையில் ஏறி, குளிர் காற்று அடித்த பிறகு சந்தேகப்படுவதும் உண்டு.

ஜாலான் கூச்சிங் இன்னும் சுவையானது. கூச்சிங் நகரம் தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கம், சரவாக்கில் இருக்கிறது. பெயரை அரைகுறையாகத் தட்டினால், காரில் போக வழி இல்லை என்று செயலி கையை விரித்துவிடும். செகாம்புட்டில் விருந்துக்கு வரவேண்டிய ஓர் அத்தை இதைப் பார்த்துவிட்டு, “ரோட்டையே மூடிட்டாங்களாம்யா, நாங்க வரலை” என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு, சமைத்ததை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

பெயர் மாற்றம் வேறு. 2014-இல் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது. ஜாலான் டூத்தா ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆனது. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். வரைபடத்தில் புதியது. சரி, புதிய பெயரையே தட்டுவோம் என்றால், சுல்தான் அஸ்லான் ஷா பெயரிலேயே பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் இன்னொரு சாலை இருக்கிறது.

செய்ய வேண்டியது: கிளம்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன், நிமிடத்தை விட்டுவிட்டுக் கிலோமீட்டரைப் பாருங்கள். நிமிடம் நெரிசலால் ஏறி இறங்கும்; கிலோமீட்டர் பொய் சொல்லாது. முகவரியோடு அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துத் தட்டினால் இந்தக் கோளாறு அநேகமாக வராது. கோலாலம்பூருக்கு 5-இல் தொடங்கும், பினாங்குக்கு 1-இல் தொடங்கும், ஈப்போவுக்கு 3-இல் தொடங்கும்.

எண் சரி, செக்‌ஷன் சரி, கதவைத் திறப்பவர் யாரென்றுதான் தெரியவில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு இது. பெட்டாலிங் ஜெயாவில் செக்‌ஷன் 17 உண்டு. ஷா ஆலமிலும் செக்‌ஷன் 17 உண்டு. சுபாங் ஜெயாவில் எஸ்எஸ் 17 உண்டு. போனில் முகவரி சொல்பவர் ‘செவன்டீன்’ என்று மட்டும் சொல்வார். அவருக்கு அவர் வீடு ஒன்றுதானே உலகத்தில்!

தெலுக் இந்தானிலிருந்து புதுமனை புகுவிழாவுக்கு வந்த ஒரு குடும்பம் பெட்டாலிங் ஜெயாவுக்குப் பதில் ஷா ஆலமில் போய் இறங்கியது. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே ஆள் நடமாட்டம். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிட்டார்கள். அந்த வீட்டிலும் ஏதோ பூசை. வந்தவர்களை மாப்பிள்ளை வழிச் சொந்தம் என்று நினைத்து உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, நலம் விசாரித்திருக்கிறார்கள். “அண்ணன் எங்கே?” என்று கேட்டபோதுதான் எந்த அண்ணன் என்ற கேள்வி வந்தது. பலகாரம் நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

முகவரியின் அமைப்பைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஷா ஆலமில் சாலை எண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சொல் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதிகளில் வெறும் எண்தான், ஜாலான் 17 என்று ஆரம்பித்துக் கோடு போட்டு இன்னோர் எண். சந்தேகமாக இருந்தால் மறுபடியும் அஞ்சல் குறியீடு: ஷா ஆலம் 40, பெட்டாலிங் ஜெயாவின் இந்தப் பகுதி 46, சுபாங் ஜெயா 47.

‘லிட்டில் இந்தியா’ என்று தட்டுவதும் இதே வகைதான். பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒன்று, ஜார்ஜ்டவுனில் ஒன்று. மாரியம்மன் கோயில் கணக்கைச் சொல்லவே வேண்டாம். நகரத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீ கோயிலைத் தேடுபவர் சாலைப் பெயரையும் சேர்த்துத் தட்டாவிட்டால் அம்மன் எந்த ஊரில் அருள்பாலிப்பாள் என்று சொல்ல முடியாது.

ஊசி சரியாகத்தான் குத்தியிருக்கிறது, ஆனால் அங்கே மண்டபம் இல்லை

எழுத்தில் முகவரி வேண்டாம், இடத்தை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கியவர்களுக்கு வரும் கோளாறு இது. வாட்ஸ்அப்பில் ‘தற்போதைய இடம்’ என்பதைத் தொட்டால், அனுப்புகிறவர் அந்த நொடியில் எங்கே நிற்கிறாரோ அது போகும். மண்டபம் போகாது. கல்யாண வீட்டுத் தம்பி பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் நின்றபடி அதைத் தொட்டு, குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். செமினியிலும் ரவாங்கிலும் இருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கடை வாசலில் இறங்கினார்கள். கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு பேர் புடவை எடுத்துக்கொண்டே மண்டபத்துக்குப் போனார்கள்.

அனுப்புகிறவர்கள் மண்டபத்தின் பெயரைத் தேடி எடுத்து அனுப்புங்கள். வாங்குகிறவர்கள் ஊசியைப் பெரிதாக்கிப் பார்த்து, அது கட்டடத்தின் மேல் நிற்கிறதா, வாசல் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். செயலி உங்களை வாசலுக்குக் கூட்டிப் போகாது. ஊசிக்கு மிக அருகே ஓடும் சாலைக்குத்தான் கூட்டிப் போகும். பெரிய காண்டோமினியம் என்றால் அது பின்வேலியாக இருக்கும். நடுவில் ஒரு பெரிய கால்வாயும் இருக்கும். ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று செயலி சொல்லும்போது மேலே மாடியிலிருந்து சொந்தக்காரர் கையசைப்பார். அவரை அடைய இன்னும் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

எண்களாகவே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். 3.1 என்று தொடங்கி, காற்புள்ளிக்குப் பிறகு 101 வந்தால் கோலாலம்பூர் வட்டாரம். 5.4, 100.3 என்றால் பினாங்கு. இரண்டையும் இடம் மாற்றி 101-ஐ முன்னால் போட்டால் உலகத்தில் அப்படி ஓர் இடமே இல்லை, ஏனென்றால் முதலில் வரும் எண் 90-ஐத் தாண்டவே முடியாது.

நீலப் புள்ளி ஓர் இடத்தில் நிற்காமல் ஆடுகிறது

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். புக்கிட் பிந்தாங்கிலும் கேஎல்சிசி பக்கமும் புள்ளி ஒரு கட்டடத்தின் உள்ளே போகும், எதிர்ச் சாலையில் தோன்றும், நீங்கள் நிற்கும்போது அது நடக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைக் கணக்கிட உங்கள் போனுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் நேராக வர வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அலைகள் கண்ணாடிச் சுவர்களில் மோதித் திரும்பி, நீண்ட வழியில், கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். போன் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று நம்பி, உங்களைப் பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் வைக்கும். திறந்த வெளியில் சில மீட்டருக்குள் அடங்கும் பிழை, கோபுரங்களுக்கு நடுவே பல பத்து மீட்டராகிவிடும்.

மழையால்தான் இப்படி என்று நம்மவர்கள் சொல்வார்கள். மழைக்கும் இதற்கும் கிட்டத்தட்டச் சம்பந்தமே இல்லை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் அலைவரிசையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. மழை நாளில் கெடுவது நம் பொறுமை.

நடந்து போகிறவர்களுக்கு மருந்து எளிது. போனைக் கையில் பிடித்து எட்டு போடுவது போல் சில முறை சுழற்றினால் திசைகாட்டி நிதானத்துக்கு வரும். கூகுள் மேப்ஸில் கேமராவைக் கட்டடங்களின் பக்கம் காட்டி இடத்தை அறியும் வசதியும் இருக்கிறது. புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் விரிந்தே இருந்தால் கோளாறு வானத்தில் இல்லை, அமைப்புகளில்: அந்தச் செயலிக்குத் ‘துல்லியமான இடம்’ என்ற அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். 2020-இல் ஐபோனிலும், மறு ஆண்டில் ஆண்ட்ராய்டிலும் வந்த வசதி இது. பிள்ளைகள் தனியுரிமை என்று சொல்லி அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பேட்டரி சேமிப்பு முறையையும் ஒரு தடவை பாருங்கள்.

பேரங்காடியின் அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. பி3-இல் உட்கார்ந்துகொண்டு வழியைப் போட்டால் முதல் கட்டளையைக் கேட்காதீர்கள். ‘வடமேற்கே செல்லவும்’ என்று அது சொல்லும்போது அதற்கு நீங்கள் எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்பதே தெரியாது. வெளியே வந்து, ஓரமாக அரை நிமிடம் நின்று, புள்ளி சாலையில் உட்கார்ந்த பிறகு போங்கள்.

சுரங்கத்துக்குள் போனதும் கார் வீடுகளின் மேல் ஓடுகிறது

ஸ்மார்ட் சுரங்கம். கோலாலம்பூர் வெள்ளத்தைத் திருப்பிவிடக் கட்டியது, மொத்தம் 9.7 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சாலை. 2007-இல் வாகனங்களுக்குத் திறந்தார்கள். பூமிக்கடியில் செயற்கைக்கோள் அலை எட்டாது. செயலி கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஊகத்தில் புள்ளியை நகர்த்தும், அல்லது நுழைவாயிலிலேயே விட்டுவிட்டு ‘திரும்பிச் செல்லவும்’ என்று கத்தும். திரும்ப முடியாது, கேட்காதீர்கள்.

உள்ளே நுழையும் முன்பே எந்த வெளிவழி என்று மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். அப்புறம் பெயர்ப்பலகைதான் துணை. மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் அங்கே அனுமதி கிடையாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் செயலியில் வாகன வகையை மாற்றாமல் விட்டால் நேராக அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கனமழையில் சுரங்கத்தையே மூடி, தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். திரையில் சாலை திறந்திருந்தாலும் எதிரே இருக்கும் மின்பலகை மூடியிருக்கிறது என்றால், பலகை சொல்வதுதான் சரி.

மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று அதற்கே தெரியவில்லை

எம்ஆர்ஆர் 2 வட்டச்சாலையின் சில பகுதிகளுக்கு மேலேயே சூக்கே நெடுஞ்சாலை ஓடுகிறது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்துக்கு இரண்டும் ஒரே கோடு. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பதில் எப்போதுமே கொஞ்சம் மட்டம்தான். அதனால் நீங்கள் கீழே சிவப்பு விளக்கில் நிற்கும்போது, மேலே பறப்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத வெளிவழியில் இடப்பக்கம் திரும்பச் சொல்லும். திரும்பினால் தூண். சேரும் நேரம் திடீரென்று பாதியாகக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். பெடரல் நெடுஞ்சாலையும் அதன் ஓரச் சாலையும் பக்கத்தில் பக்கத்தில் போகும் இடங்களிலும் இதே கதை. அடுத்த பெயர்ப்பலகையில் சாலைப் பெயரைப் படித்து உறுதி செய்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

பினாங்குக்கு வழி கேட்டால் பீடோர் கொய்யாக்கடை வாசலில் நிற்கிறது

யாரோ என்றைக்கோ பத்து வெள்ளியை மிச்சப்படுத்த ‘டோல் தவிர்’ என்பதைத் தட்டியிருப்பார்கள். அது அணையாமல் அப்படியே இருக்கும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா என்று பழைய முதன்மைச் சாலையில் ஊர் ஊராகக் கூட்டிப் போகும். கெட்ட வழி என்று சொல்ல மாட்டேன். பீடோரில் கொய்யா, தாப்பாவில் பெத்தாய், தம்பூனில் பொமெலோ என்று வண்டி நிறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியவர்கள் இராச்சாப்பாட்டுக்குப் போய்ச் சேருவார்கள், அவ்வளவுதான். அவசரம் என்றால் வழித்தேர்வுகளைத் திறந்து அதை அணையுங்கள். கூடவே டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோளாறைச் செயலி சொல்லாது, பின்னால் நிற்கும் கார்கள் ஹாரனில் சொல்லும்.

பினாங்குத் தீவிலேயே இருக்கிறோம் என்று நினைத்தால் சுற்றிலும் கடல்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கடலோர நெடுஞ்சாலையில் வரும்போது, பாலத்துக்குப் பிரியும் தடங்களில் தவறாக நின்றால் ஆட்டம் முடிந்தது. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவில் திரும்ப இடமில்லை. செயலி ‘முடிந்தால் திரும்பவும்’ என்று பாதிக் கடல் வரை சொல்லிக்கொண்டே வரும், பிறகு அதுவே சலித்து மறுகரைக்குப் புதுவழி போடும். போகும்போது டோல் இல்லை. தீவுக்குத் திரும்பி வரும்போதுதான் கட்ட வேண்டும். சும்மா மறுகரையில் இருக்கும் பிறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததற்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலத்தில் ஏறிவிட்டால் இன்னும் விசேஷம், அது 24 கிலோமீட்டர்.

காரோடு பெர்ரியில் ஏறலாம் என்று பழைய நினைவில் பட்டர்வொர்த் துறைமுகத்தைத் தட்டுபவர்களும் உண்டு. 2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். வழித்தேர்வில் ‘பெர்ரி தவிர்’ என்பதைப் போட்டு வையுங்கள்.

ஊருக்குள் வந்த பிறகு ஜாலான் பினாங்கும் லெபு பினாங்கும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். செண்டோல் தேடுபவருக்கு முதலாவது, புடவை தேடுபவருக்கு இரண்டாவது. புக்கிட் பெண்டேராவுக்குக் காரில் போகிறவர்கள் உச்சியைத் தட்டாமல் ஆயர் ஈத்தாமில் இருக்கும் கீழ் ரயில் நிலையத்தைத் தட்டுங்கள். மேலே 833 மீட்டர். உங்கள் சொந்தக் காருக்கு அங்கே வழி கிடையாது.

எல்லாம் சரி, ஆனால் சாலையின் நடுவே மீன் பொரிக்கிறார்கள்

இரவுச் சந்தை. செராஸ் தாமான் கன்னாட்டில் புதன்கிழமை, எஸ்எஸ் 2-இல் திங்கட்கிழமை. தாமான் எனும் குடியிருப்புகளில் கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ லோரோங்கை, அதாவது குறுக்குத் தெருவை, அடைத்துக் கூடாரம் போட்டிருப்பார்கள். அது எந்த வரைபடத்திலும் ஏறாது. தைப்பூசத்துக்கு முன் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும்போது செயலிக்கு அது வெறும் சிவப்புக் கோடு. ‘நெரிசலைத் தவிர்க்க வேகமான வழி’ என்று உங்களை அடுத்த சந்தில் விடும், அங்கே பால்குடம் வரும். பத்துமலை வாசலிலேயே கேடிஎம் கொமுட்டர் ரயில் நிற்கிறது, அன்றைக்குக் காரை எடுக்காதீர்கள். சந்தை என்றால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் மீனை வாங்குங்கள்.

திரை மங்கி அணைந்துவிட்டது

வெயில். முன்கண்ணாடியில் ஒட்டி, சார்ஜும் போட்டு, வழியும் காட்டச் சொன்னால் எந்தப் போனும் தாங்காது. 35 டிகிரிக்கு மேல் ஐபோனைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது; நம் ஊரில் நிறுத்தி வைத்த கார் அதை எளிதாகத் தாண்டும். போனைக் குளிர்சாதனக் காற்று வரும் துவாரத்தின் முன் மாட்டுங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கட்டும்.

இரண்டு போன்கள் இரண்டு பக்கம் திரும்பச் சொல்கின்றன

முன் இருக்கையில் மகன் ஒன்று, பின்னால் பெரியப்பா இன்னொன்று. இரண்டும் சரியாகவே இருக்கலாம். நெரிசலை வேறு வேறு விதமாகக் கணக்கிடுகின்றன, அவ்வளவுதான். ஒன்றை அணையுங்கள். எதை அணைப்பது என்று சண்டை வந்தால் பெட்ரோல் போட்டவருடையது ஓடட்டும்.